தாளிப்பாக ஒரு சாசேஜ்

(புதுச்சேரியில் வாசகர்கள் கூடும் மாதக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் இங்கே பேசியவர் சிலப்பதிகாரம் பேசினார். இந்த மாதம் சூப். தரம் இப்படி இறங்கியதற்கு நான் பொறுப்பில்லை, கூப்பிட்டவர்கள்தான் பொறுப்பு. "பிரெஞ்சு வாத்தியார், ரிட்டயர் ஆனபிறகு சமையலறையே கதி என்று கிடக்கிறார், அதைப் பற்றிப் பேசட்டும்" என்று முடிவு செய்தார்களாம். பிரெஞ்சுச் சமையல்தான் பேசுவேன் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். நான் எடுத்துக்கொண்டது போர்ச்சுகீசியச் சூப். சாசேஜ், உருளைக்கிழங்கு, பயறு, கீரை எல்லாம் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஒரு கிண்ணமும் ஒரு துண்டு ரொட்டியும் இருந்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்தது என்கிற சூப். ஆட்டுக்கால் சூப் மாதிரி ஊதி ஊதி உறிஞ்சிவிட்டு, வீட்டுக்குப் போய்த் தோசை கேட்கிற சூப் அல்ல.

நேற்றுக் காலை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். காகிதத்தில் கூபேர் மார்க்கெட், வாயில் பெரிய மார்க்கெட். ஒரு அம்மா நூல்கோலை வாங்குகிறவர்களுக்குத் தழையை ஒடித்து ஒடித்துக் கீழே இருந்த கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். "அந்தத் தழையைக் கொடும்மா" என்றேன். "மாட்டுக்கா சார்?" என்றார். "எனக்குத்தான்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கட்டை அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பென்ஷன் நின்றுபோனது என்று நினைத்திருக்கலாம்.

அந்த மாட்டுத் தழைதான் இன்றைய பேச்சுக்கு ஆரம்பம். போர்ச்சுகலின் வடக்கே மின்யோ என்று ஒரு பகுதி. அங்கே பிறந்தது கால்து வெர்து என்ற சூப். பெயருக்குப் பச்சைச் சாறு என்று பொருள். உருளைக்கிழங்கை வெங்காயம், பூண்டோடு வேகவைத்து மசித்து, அந்தக் கூழில் ஒரு வகைக் கோஸ் இலையை முடிபோல அரிந்து போட்டு, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி, ஆளுக்கு ஒரு வில்லை சாசேஜ் வைத்துக் கொடுப்பார்கள். அந்தக் கோஸ் நம் முட்டைக்கோஸ் போல உருண்டு மூடிக்கொள்ளாது. தண்டு நீண்டு வளரும். கீழ் இலையை ஒடிக்க ஒடிக்க மேலே துளிர்க்கும். கொல்லையில் நாலு செடி இருந்தால் ஒரு வீட்டுக்கு வருஷம் முழுக்கச் சூப். நம் வீட்டுக் கொல்லை முருங்கைக்கு இருக்கும் மரியாதை அதற்கு அங்கே உண்டு.

அந்த இலை இங்கே கிடைக்காதே என்று கையைப் பிசைய வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், பிரக்கோலி, நூல்கோல், இப்போது சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பைக்குள் விலைகூட்டி விற்கிற கேல், எல்லாம் ஒரே தாவர இனம். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மனிதன் ஒன்றில் மொட்டை வளர்த்தான், ஒன்றில் பூவை, ஒன்றில் தண்டை. நூல்கோலில் தண்டை வளர்த்துவிட்டு இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டோம். அதன் இலையும் போர்ச்சுகீசியர் சூப்பில் போடும் இலையும் வாயில் வைத்தால் உடன்பிறப்பு என்று தெரிந்துவிடும். ஆரோவில் பக்கத்துத் தோட்டங்களில் கேல் பயிரிடுகிறார்கள், நல்ல இலைதான், வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். எனக்கு அந்தக் கூடை போதும்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் யாராவது அவையில் இருந்தால் ஒத்துக்கொள்வார்கள். முட்டைக்கோஸுக்கு அவர்கள் பெயர் கோவா. போர்ச்சுகீசியர் அந்தக் கோஸ் இலையைக் கோவ் என்பார்கள். ரொட்டியை அவர்கள் பாங் என்றார்கள், ஈழத்தில் அது பாண். வினிகர் அங்கே வினாகிரி. போர்ச்சுகீசியரின் லிங்குயீசா என்ற சாசேஜ் இலங்கையில் லிங்கஸ் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது. சூப்புக்கு வேண்டியதில் பாதி ஈழத் தமிழர் வாயிலேயே இருக்கிறது.

நம் வாயில் இல்லையா? நாம் தட்டு வைக்கிற மேசை, சூப் ஊற்றுகிற கோப்பை, கை துடைக்கிற துவாலை, பாத்திரம் அடுக்குகிற அலமாரி, அதைப் பூட்டுகிற சாவி, வாசனை வெளியே போகட்டும் என்று திறக்கிற ஜன்னல், எல்லாமே போர்ச்சுகீசியச் சொல். சூப்புக்கான சாமான்செட்டு முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது, சூப் மட்டும் வரவில்லை என்றால் நம்ப முடிகிறதா?

வந்ததற்குச் சாட்சி நம் ஊர் கிரியோல் சமையலில் இருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கத்து ஐரோப்பிய இந்தியக் கலப்புக் குடும்பங்களின் சமையல் அது. லூர்து திருவான்ஸியம் லூயி எழுதிய 'தி பாண்டிச்சேரி கிச்சன்' புத்தகத்தைப் படித்தவர்களுக்கு அதன் சுவை தெரியும். விந்தாய் என்று ஒரு பன்றிக்கறிப் பதார்த்தம். கோவாவில் அதுவே விந்தாலு. மூலம் விஞ்ஞ தாலியூஷ், ஒயினும் பூண்டும். வடக்கே சிலர் கடைசி இரண்டெழுத்தை ஆலு என்று படித்து உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டுவிட்டது வேறு கதை. அசாத் கறி என்று இன்னொன்று. அசாதூ என்றால் அவர்கள் மொழியில் வாட்டியது. பிரெஞ்சுக்காரன் கொடி பறந்த ஊரில், பிரெஞ்சுப் பேசிய வீடுகளில், அடுப்பங்கரைப் பெயர்கள் ஏன் போர்ச்சுகீசியம்?

காரணம் எளிது. 1674இல் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் இங்கே வந்து குடியேறுவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முன்பே இந்தக் கரையில் சாந்தோமிலும் நாகப்பட்டினத்திலும் போர்ச்சுகீசியர் குடியிருந்தார்கள், இங்கேயே கல்யாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அவர்கள் அதிகாரம் போனபிறகும் பேச்சு போகவில்லை. சோழமண்டலக் கரையில் எந்த வெள்ளைக்காரனும் எந்தத் துபாஷியும் பேசிக்கொள்ள ஒரு கொச்சைப் போர்ச்சுகீசியம் இருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய பாதிரியார் சீகன்பால்கு தமிழோடு போர்ச்சுகீசியமும் படிக்க வேண்டியிருந்தது. அதே 1706இல் நம் ஊரில் பிறந்தவர்தான் ழான் அல்பேர், பிற்பாடு கவர்னர் துய்ப்ளெக்ஸின் மனைவி. தாய் வழியில் காஸ்ட்ரோ என்ற போர்ச்சுகீசியப் பெயர். தமிழும் போர்ச்சுகீசியமும் அவருக்குச் சரளம். துய்ப்ளெக்ஸின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு இந்த அம்மாளைப் பற்றிப் பிள்ளைக்கு இருந்த மனத்தாங்கல் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. கவர்னர் வீட்டு அம்மாளுக்கே தாய் வழி அப்படி என்றால், அடுப்படிக்கு என்ன மொழி இருந்திருக்கும்?

வரலாறு போதும். எனக்கு இந்தச் சூப் எப்படிப் புரிந்தது என்று சொல்கிறேன்.

என் பெரியம்மா ஒரு கிரியோல் வீட்டில் சமையல் செய்தார். அந்த வீட்டு அம்மாளை மதாம் என்றுதான் சொல்வார், பெயர் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூக்குச்சட்டியில் ஏதாவது மீந்தது வரும். ஒரு தடவை வந்தது இந்த மாதிரி ஒரு கெட்டிச் சூப். செம்பழுப்பு நிறம், மேலே எண்ணெய் மிதக்கிறது, கரண்டி விட்டுத் துழாவுகிறோம், கறி கிடைக்கவில்லை. நாங்கள் ஐந்து பேர். "கறிச் சூப்புன்னியே, கறி எங்கே?" என்று அண்ணன் சண்டைக்குப் போனான். பெரியம்மா சொன்னார்: "கறிக்காகப் போடறதில்லடா அது. வடவம் தாளிக்கிற மாதிரி. குழம்புல வடவத்தைத் தேடிக்கிட்டிருப்பியா?"

பின்னால் எத்தனையோ சமையல் புத்தகம் படித்தேன், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும். இதைவிடச் சரியான விளக்கம் எங்கும் கண்ணில் படவில்லை. இந்தச் சூப்பில் சாசேஜ் கறி அல்ல, தாளிப்பு.

நினைத்துப் பாருங்கள். கறி அபூர்வமாக இருந்த வீடுகளில் பிறந்த சமையல் இது. வருஷத்துக்கு ஒரு பன்றி அடிப்பார்கள். குளிர்காலத்தில் அடித்து, உப்பும் பூண்டும் ஒயினும் மிளகாயும் பிசைந்து, குடலில் அடைத்து, அடுப்புப் புகைக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். அதை வருஷம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கணுவை அறுத்தால் ஒரு குடும்பத்துப் பானை மணக்க வேண்டும். ஒரு துண்டு நெத்திலிக் கருவாடு ஒரு சட்டிக் குழம்பைத் தூக்கி நிறுத்துவதில்லையா? நம் ஊர்ப்பக்கத்து உப்புக்கண்டமும் அதே வேலைதான் செய்தது. உப்பு, காற்று, வெயில், புகை. கொஞ்சத்தை வைத்து நிறையச் சமைக்கிற வித்தை.

இந்த விஷயம் பிடிபடாமல் நான் முதல் தடவை கெடுத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் உறையவைத்த கோழி சாசேஜ் அரைக் கிலோ வாங்கினேன், கடை பெயர் வேண்டாம். நிறைய இருந்தால் நன்றாக இருக்கும் என்று முழுவதையும் வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டினேன். அரைமணி நேரம் கழித்துத் திறந்தால் துண்டுகள் நனைந்த பஞ்சு மாதிரி மிதக்கின்றன, தண்ணீருக்கு எந்தச் சுவையும் ஏறவில்லை. என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆஸ்பத்திரியில குடுப்பாங்களே, அது" என்றாள்.

இரண்டு தப்பு. அந்தச் சாசேஜில் ஊறிய மசாலாவும் இல்லை, கொழுப்பும் இல்லை. இரண்டாவது, தாளிக்க வேண்டியதை வேகவைத்துவிட்டேன். மிளகாயின் சிவப்பு தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். பூண்டு மணமும் புகை மணமும் கொழுப்பில்தான் ஏறி உட்காரும். அதனால் முதலில் அடிகனமான பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றாமல் சாசேஜ் வில்லைகளைப் பரப்பிச் சின்னத் தீயில் வைக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. ஐந்தாறு நிமிஷத்தில் வில்லையின் ஓரம் சுருங்கும், அடியில் ஆரஞ்சு நிறத்தில் நெய் கசியும். பாத்திரத்தைச் சாய்த்தால் அது குட்டையாக ஒரு பக்கம் சேரும். அந்த நெய்தான் சூப். மீதியெல்லாம் அதற்குக் கூட்டம்.

இனி சாசேஜ். கோவாவிலிருந்து யாராவது வந்தால் சொரீஸ் மாலை ஒன்று வாங்கி வரச் சொல்லுங்கள். சின்னச் சின்ன மணியாகக் கட்டியிருப்பார்கள், கழுத்தில் போட்டுக்கொள்ளலாம் போல இருக்கும். அதில் ஒயினுக்குப் பதில் கள்ளில் எடுத்த வினிகர், இனிப்பு மிளகாய்க்குப் பதில் நம் காரமிளகாய். சூப்புக்கு ஐந்தாறு மணி போதும், அதற்குமேல் போட்டால் விந்தாய் ஆகிவிடும்.

வீட்டிலேயே செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு என் வழி. பன்றியின் முன்னந்தொடைக் கறி முக்கால் கிலோ, கொழுப்பு கால் கிலோ. கடைக்காரர் கொழுப்பைத் தனியாக எடுத்துப் போட்டுவிடுவார், கேட்டு வாங்குங்கள். மிஷினில் அரைக்காதீர்கள், கொத்துக்கறியைவிடப் பெரிதாக, சுண்டைக்காய் அளவுக்குக் கத்தியால் நறுக்குங்கள். உப்பு 18 கிராம், நிறுத்துப் போடுங்கள், கைக்கணக்கு இதற்கு ஆகாது. காஷ்மீர் மிளகாய்த்தூள் மூன்று மேசைக்கரண்டி, அதில் நிறம் அதிகம், காரம் குறைவு. நசுக்கிய பூண்டு பன்னிரண்டு பல், கொஞ்சம் மிளகு. சிவப்பு ஒயின் அரைக் கோப்பை. ஒயினுக்கு எங்கே போவது என்று புதுச்சேரியில் யாரும் கேட்கமாட்டீர்கள். வேண்டாம் என்பவர்கள் அதில் பாதி அளவு வினிகர் விடலாம்.

இனிமேல்தான் வேலை. எல்லாம் சில்லென்று இருக்கும்போதே பிசைய வேண்டும். முதலில் கறி தனி, கொழுப்பு தனி என்று கையிலிருந்து நழுவும். உப்பு கறிக்குள் போய்ப் புரதத்தை இழுத்து வெளியே கொண்டுவர வர, பிசுபிசுவென்று ஆகும். ஒரு உருண்டையை உள்ளங்கையில் ஒட்டி, கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் பதம். விழுந்தால் இன்னும் பிசையுங்கள். பிறகு மூடி, ஃபிரிட்ஜில் இரண்டு நாள்.

குடலில் அடைப்பது நம் வீடுகளில் நடக்காத காரியம். நான் வாட்டிய வாழையிலையில் விரல் கனத்துக்குச் சுருட்டி, இரண்டு பக்கமும் வாழைநாரால் கட்டி, இட்லிக் குண்டானில் நாற்பது நிமிஷம் ஆவியில் வேகவைக்கிறேன். பன்றிக்கறி உள்வரை நன்றாக வெந்தாக வேண்டும், தெர்மாமீட்டர் இருக்கிறவர்கள் நடுவில் குத்திப் பாருங்கள், 71 டிகிரி தாண்ட வேண்டும். இலையில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், அதைச் சூப்பில் ஊற்றலாம். புகைக்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. கொட்டாங்குச்சியைக் கொளுத்திக் கனலாக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, இலையைப் பிரித்த சாசேஜுகளுக்கு நடுவே இறக்கி, கனல்மேல் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு மூடிவிடுங்கள். பத்து நிமிஷம். போர்ச்சுகலில் ஓக் விறகுப் புகை, இங்கே தென்னம்புகை.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போர்ச்சுகலில் செய்கிறார்களே என்று பச்சைச் சாசேஜை மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிடாதீர்கள். அவர்கள் குளிர்காலத்து மலைக்காற்றில் செய்கிறார்கள். நமக்கோ கடற்காற்று, துணியே காய மாட்டேன் என்கிறது. பாட்டுலிசம் என்று ஒரு நச்சுநோய் இருக்கிறதே, அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? லத்தீனில் பாட்டுலஸ் என்றால் சாசேஜ். சரியாகப் பதப்படுத்தாத சாசேஜைத் தின்று ஜெர்மனியில் ஆட்கள் செத்ததிலிருந்துதான் அந்த நோயை டாக்டர்கள் அடையாளம் கண்டார்கள். தொழிலாகச் செய்கிறவர்கள் அதற்கென்று தனி உப்பு சேர்க்கிறார்கள். நாம் வேகவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று நாளைக்குள் தீர்த்துவிடுவோம்.

பன்றி ஆகாது என்பவர்கள் நிறையப் பேர் இங்கே இருக்கிறீர்கள். போர்ச்சுகலிலும் இருந்தார்கள். 1497இல் அங்கிருந்த யூதர்களை வலுக்கட்டாயமாகக் கிறிஸ்தவர்களாக மாற்றினார்கள். மாறியவன் உண்மையில் மாறினானா என்று உளவு பார்க்க அக்கம்பக்கத்தார் இருந்தார்கள், 1536இல் மத விசாரணைச் சபையும் வந்தது. எந்த வீட்டு அடுப்புக்கு மேலே சாசேஜ் தொங்கவில்லையோ அந்த வீட்டின்மேல் சந்தேகம். அதனால் அவர்கள் கோழிக்கறி, ரொட்டி, பூண்டு எல்லாம் பிசைந்து, பார்வைக்குப் பன்றிச் சாசேஜ் மாதிரியே செய்து தொங்கவிட்டார்களாம். அலியெய்ரா என்று அதற்குப் பெயர், மிராந்தெலா ஊர் இன்றும் அதற்குப் பெயர் போனது. இந்தக் கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்காலக் கற்பனை என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். கோழித்தொடைக் கறியில் தோலோடு செய்த சாசேஜ் இந்தச் சூப்புக்கு ஆகும் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். நெஞ்சுக்கறி வேண்டாம், அதில் கொழுப்பில்லை.

அடுத்தது பயறு. சுத்தக் கால்து வெர்துவில் பயறு இல்லை. ஆனால் கப்பலேறிப் போன போர்ச்சுகீசியச் சூப்பெல்லாம் பயறு சேர்த்துக்கொண்டது. 1878இல் மதெய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்காக ஹவாய்க்குப் போனவர்கள் கொண்டுபோன சூப், ராஜ்மாவும் சாசேஜும் தக்காளியுமாக இன்றும் அங்கே எல்லாருக்கும் உரியது. ராஜ்மா போடுகிறவர்கள் ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைப் புரட்டிவிடும், அதில் ஒரு நச்சுப்பொருள் உண்டு, பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதித்தால்தான் அது அழியும்.

நான் போடுவது காராமணி. சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ராஜ்மா அமெரிக்கச் சரக்கு, கொலம்பஸுக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு வந்தது. அதற்கு முன்னால் போர்ச்சுகீசியன் தின்றது நம் காராமணியைத்தான். இன்னும் தின்கிறான், சாமியார்ப் பயறு என்று பெயர் வைத்திருக்கிறான். இப்படிப் பார்த்தால் உருளைக்கிழங்கு, மிளகாய், தக்காளி எல்லாமே அமெரிக்கா. மிளகாய் என்ற பெயரே பாருங்கள், நம்மிடம் இருந்த மிளகின் பெயரை வந்தவனுக்கு வைத்தோம். போர்ச்சுகீசியச் சூப் என்று நாம் சொல்வதில் போர்ச்சுகலுக்கே சொந்தமானது கோஸும் வெங்காயமும் பன்றியும் ஆலிவ் எண்ணெயும்தான்.

அந்த ஆலிவ் எண்ணெய்கூட நமக்குப் புதிதல்ல. அரிக்கமேடு இங்கிருந்து எவ்வளவு தூரம்? 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானியச் சாடிகள் ஒயின் கொண்டுவந்தவை மட்டுமல்ல. ஆலிவ் எண்ணெய்ச் சாடிகளும், ஸ்பெயின் கரையில் செய்த மீன்சாற்றுச் சாடிகளும் அதில் உண்டு என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் இறங்கிய எண்ணெய். இன்றைக்கு விலை கேட்டால் தலை சுற்றுகிறது, அதனால் நான் கடைசியில் ஒரு கரண்டி மட்டும் மேலே விடுகிறேன். வதக்க மல்லாட்டை எண்ணெய், அதாவது நிலக்கடலை எண்ணெய். அதுவும் அமெரிக்கச் செடிதான். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் நம் துறைமுகத்திலிருந்து மார்செய்க்குக் கப்பல் கப்பலாகப் போனது அதுதான்.

கப்பல் என்றதும் ஒன்று. 1848இல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தபிறகு, ரெயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களை ஏற்றினார்கள். அந்தத் தீவின் மிகப் பிரபலமான சாப்பாடு இன்று என்ன தெரியுமா? ரூகாய் சோசீஸ். புகைபோட்ட பன்றிச் சாசேஜை முதலில் வேகவைத்து உப்பிறக்கி, பிறகு வறுத்து, வெங்காயம், தக்காளி, மிளகாயோடு சமைத்துச் சோற்றுக்குப் போடுவது. அந்த ரூகாய் நம் ஊறுகாய்தான் என்கிறார்கள். சாசேஜும் தமிழும் சேராது என்று சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இதை. தோட்டத்து லயத்தில் ஒரு கணுச் சாசேஜை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொண்டு எத்தனை பேர் சோறு தின்றிருப்பார்கள். என் பெரியம்மாவின் கணக்குத்தான் அங்கேயும்.

சரி, பானைக்கு வருவோம். ஆறு பேருக்கு, கால் கிலோ சாசேஜ் போதும். நெய் கசிந்ததும் வில்லைகளை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அந்த நெய்யிலேயே இரண்டு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு வதக்குங்கள். நெய் குறைவென்றால் மல்லாட்டை எண்ணெய் ஒரு கரண்டி. பிறகு உருளைக்கிழங்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேலே, தோல் சீவி, துண்டு போட்டு. மாவாகக் கரைகிற கிழங்கு வேண்டும், வழவழவென்று நிற்கிறது ஆகாது. இரண்டு கேரட், ஒரு சௌசௌ. சௌசௌவை ஏளனமாகப் பார்க்காதீர்கள், போர்ச்சுகீசியனுக்கு அது ஷுஷு, ரெயூனியன்காரனுக்கு ஷுஷூ, சூப்பில் அது தன் சுவையை விட்டுக்கொடுத்து மற்றவர் சுவையைக் குடித்துக்கொள்ளும். தண்ணீர் இரண்டு லிட்டர். எலும்புச் சாறு தேவையில்லை, இது தண்ணீரில் செய்கிற சூப். கிழங்கு வெந்ததும் பாதியை எடுத்துப் பருப்பு மத்தால் கடைந்து திரும்ப ஊற்றுங்கள். மிக்ஸி வேண்டாம், பசை மாதிரி ஆகிவிடும். வெந்த காராமணி ஒரு கோப்பை, எடுத்து வைத்த வில்லைகள், பத்து நிமிஷக் கொதி. உப்பைக் கடைசியில் பாருங்கள், சாசேஜ் ஏற்கெனவே போட்டிருக்கும்.

கீரை அரிவதற்கு அரிவாள்மனைக்கு ஈடு எதுவும் இல்லை. போர்ச்சுகல் சந்தையில் இந்த இலையை அரிந்து கொடுக்கவே கையால் சுற்றுகிற ஒரு சின்ன மிஷின் வைத்திருப்பார்கள். நமக்கு அது வேண்டாம். நடு நரம்பைக் கிழித்து எறிந்துவிட்டு, ஏழெட்டு இலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுருட்டு மாதிரி இறுக்கிச் சுற்றி, மனையில் உட்கார்ந்து அலகில் வைத்துத் தள்ளுங்கள். பொரியலுக்குக் கோஸ் அரிவதைவிட மெல்லிசாக, நூல் நூலாக விழ வேண்டும். என் மனைவி அரிந்தால் விழும். நான் அரிந்தால் நாடா நாடாக விழுகிறது, அதையும் குடித்துக்கொள்கிறோம். பரிமாறுவதற்கு மூன்று நிமிஷத்துக்கு முன்னால் கொதிக்கிற சூப்பில் தூவி, மூடாமல் விடுங்கள். மூடினால் பச்சை போய்ப் பாசி நிறம் வந்துவிடும்.

மேலே கொத்தமல்லித் தழை. இதை நான் சேர்த்துக்கொண்டதாக நினைக்காதீர்கள். ஐரோப்பாவிலேயே கொத்தமல்லித் தழையைக் கைநிறைய அள்ளிப் போடுகிறவன் போர்ச்சுகீசியன். பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமைத்துப் போட்டபோது தழையைப் பொறுக்கி ஓரமாக வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சைவர்களுக்கும் இந்தச் சூப் உண்டு, வாக்குக் கொடுத்துத்தான் உங்களை வரவழைத்தார்கள். பெரியம்மா வாக்கைத் திருப்பிப் போடுங்கள். சாசேஜ் வடவம் மாதிரி என்றால், வடவம் சாசேஜ் மாதிரி. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் இடித்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் வெயிலும் ராத்திரி மூட்டமுமாக நாட்கணக்கில் காயவைத்த உருண்டை. புளித்து, காய்ந்து, கறுத்துப்போன அந்த உருண்டையில் இருப்பது சாசேஜில் இருக்கும் அதே ஊறிய மணம். பாரிஸ் சமையல்காரர்கள் அதை வாதுவான் என்று சொல்லித் தங்கம் மாதிரி தூவுகிறார்கள். ஒரு எலுமிச்சை அளவு உருண்டையை உதிர்த்து மல்லாட்டை எண்ணெயில் சிவக்கப் பொரித்து, கால் தேக்கரண்டி காஷ்மீர் மிளகாய்த்தூளை அடுப்பை அணைத்தபிறகு அதில் போட்டு, மீதியெல்லாம் நான் சொன்னபடி. போர்ச்சுகீசியன் வந்து பார்த்தால் திட்டுவானோ என்னவோ, ஒரு கிண்ணம் குடித்துவிட்டுத் திட்டட்டும்.

பின்கட்டில் இரண்டு குண்டான் இருக்கிறது. கைப்பிடியில் பச்சைத் துணி கட்டியது வடவம், சிவப்புத் துணி கோழிச் சாசேஜ். பன்றி இன்றைக்குக் கொண்டுவரவில்லை. ரொட்டி இருபது வாங்கியிருக்கிறேன், பிய்த்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கோப்பைகள் அந்த அலமாரியில் இருப்பதாகச் சொன்னார்கள், சாவியை யார் வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, சீக்கிரம் எடுங்கள். கீரையை இன்னும் போடவில்லை. நான் போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன், மூன்று நிமிஷம்.